இந்தச் செய்தி நீக்கப்பட்டது

2020 ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி, பத்து மணி இருக்கும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் என் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடமிருந்து வரிசையாக ஏழு வரிகள். ஏழும் ஒன்றேதான்: "இந்தச் செய்தி நீக்கப்பட்டது." அவற்றுக்குக் கீழே 38 விநாடிக்கு ஒரு குரல்பதிவு.

எனக்கு வந்தது கோபம்தான். அன்றைக்கு எமிஸ் வேலை, அதாவது பிள்ளைகளின் விவரங்களைக் கல்வித்துறைத் தளத்தில் ஏற்றும் வேலை, வேறு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. "படிக்கிற நேரத்தில் ஃபோனை வைத்து என்ன விளையாட்டு?" என்று தட்டி அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அந்தப் பதிவைக் கேட்டேன்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர் ஒன்றில் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பாதிக்குமேல் தீப்பெட்டி ஆபீஸை நம்பி இருப்பவை. 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது என் வகுப்பில் 41 பேர். வாட்ஸ்அப்பில் எட்டிப் பிடிக்க முடிந்தது 23 பேரை. அந்த 23 ஃபோனும் பிள்ளைகளுடையவை அல்ல, அப்பாவுடையவை. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அன்றைய டேட்டாவில் ஏதாவது மிச்சமிருந்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஆகவே எங்கள் வகுப்பு ராத்திரி எட்டரைக்கு மேல்தான் நடந்தது. பகலில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும். யார் பார்த்தார்கள், யார் ஆடு மேய்க்கப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரம் நான் கொடுத்திருந்த வேலை சின்னது. இன்று உங்கள் வீட்டில் நடந்தது எதையாவது ஐந்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் பேசி அனுப்புங்கள். அவ்வளவுதான். 38 விநாடியில் அவன் சொல்லியிருந்தது, அவர்கள் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்ட கதை. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்புக்குட்டி எழுந்து நிற்க மாட்டேன் என்கிறது. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். ஆனால் 'போட்டது' என்பதற்கு அவன் 'கேவ் பர்த்' என்றான். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் 'எஸ் டீச்சர்', 'நோ டீச்சர்' தவிர ஒரு ஆங்கிலச் சொல் பேசாதவன். எனக்கு நம்ப முடியவில்லை. அக்கா யாராவது எழுதிக் கொடுத்திருப்பாள் என்றே நினைத்தேன்.

2021 ஜனவரியில் பத்தாம் வகுப்பைத் திறந்தபோது முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த ஏழும் என்னடா?

முதலில் 'மை கோட் புட் டூ பேபீஸ்' என்று சொல்லி அனுப்பினானாம். "கேட்டுப் பாத்தேன் டீச்சர், எனக்கே நல்லால்ல" என்றான். அழித்தான். கூகுளில் 'ஆடு குட்டி போட்டது' என்று தமிழில் அடித்துப் பார்த்தான். ஆட்டுக்குட்டிக்கு ஆங்கிலத்தில் 'கிட்' என்று வந்ததும் அவனுக்குச் சிரிப்பு. நம்மைத்தானே எல்லாரும் கிட்ஸ் என்கிறார்கள்! சிரித்துக்கொண்டே சொன்னதால் இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் அம்மா சாப்பிடக் கூப்பிட்ட சத்தம். நான்காவதில் 'கேவ்' சொல்ல வேண்டிய இடத்தில் 'கிவ்' வந்துவிட்டது. ஐந்தாவதும் ஆறாவதும் ஞாபகமில்லை என்றான். ஏழாவதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் "வாசிக்கிற மாதிரி இருந்துச்சு, பேசுற மாதிரி இல்ல."

அந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். வாசிப்பதற்கும் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்கு நான் சொல்லித் தந்ததே இல்லை. அப்போது இருபது வருட சர்வீஸ் எனக்கு. சிவப்பு மையால் நான் சுழித்த தப்புகள் லட்சத்தைத் தாண்டும். இவன் ஒரே ராத்திரியில் தன் தப்பை ஏழு தடவை தானே பிடித்திருக்கிறான். நான் அதற்குத் திட்டி அனுப்பியிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவுடன் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சட்டம் போட்டேன். இனி ஒவ்வொருவரும் மூன்று தடவை பதிவுசெய்து, மூன்றையும் அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். மூன்றும் ஒன்றே. ஒருத்தி ஒரே பதிவை மூன்று தடவை ஃபார்வர்ட் செய்திருந்தாள். சுதந்திரத்தை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் வீட்டுப்பாடத்துக்கு ஆகிற கதிதான் அதற்கும் ஆகும். வாத்தியார் புத்தி என்பது அதுதான்போல. செடி தானாக முளைத்தால் உடனே பாத்தி கட்டத் தோன்றுகிறது.

அதற்கு முன்பும் நான் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தாதவள் இல்லை. 2018இல் ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பாடநூல் வந்தபோது ராத்திரி கண்விழித்து ஒவ்வொரு பாடத்துக்கும் பவர்பாயிண்ட் செய்தவள். எழுத்து பறந்து வரும், படம் சுழன்று நிற்கும். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? திரையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம், கரெண்ட் போனால் வகுப்பு நின்றுவிடும் என்பது மட்டும்தான். உழைத்ததும் நான், யோசித்ததும் நான், எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் என்று தேடித் தேடிக் கற்றதும் நான். அந்த வருஷம் என் ஆங்கிலம் நன்றாக வளர்ந்தது.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், கற்பவர் தன் கற்றலின் பொறுப்பைத் தானே ஏற்பது பற்றி ஆன்றி ஓலெக் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியதைச் சொன்னார்கள். 1981இல் புத்தகமாக வந்தது என்றார்கள். எங்கள் தமிழ் ஐயாவிடம் பெருமையாக வந்து சொன்னேன். அவர் டீயை ஆற்றியபடி, "நன்னூல்லயே இருக்கும்மா" என்றார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதானாம். உடன்படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, அவன் பிறருக்கு எடுத்துச் சொல்வதில் வருகிறது. நன்னூலை எழுதிய பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டுக்காரர். நான் பி.எட். படித்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்திருப்பேன்.

அந்த இரண்டாவது கால் பங்கை நான் கண்ணால் பார்த்தது 2022இல். பள்ளிக்குள் பிள்ளைகள் ஃபோன் கொண்டுவரக் கூடாது. அதனால் என் ஃபோனைத்தான் கொடுத்தேன். கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொன்னால் அது தனக்குக் கேட்டதை எழுதும். நாலைந்து பேராக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விளையாடுங்கள் என்று விட்டுவிட்டேன். சுமக்கிற பையை, அதாவது 'பேக்' என்ற சொல்லை, ஒருத்தி சொல்லச் சொல்ல ஃபோன் 'மூட்டை கட்டு' என்றே எழுதியது. இன்னொருவன் சின்ன ஊசியான 'பின்'னைச் சொன்னால் குப்பைத்தொட்டி வந்தது.

இதை உங்களுக்கு எழுதிக் காட்டக்கூட என்னால் முடியவில்லை பாருங்கள். நம்மிடம் இருப்பது ஒரே 'ப'. ஆங்கிலத்தில் பொருளையே மாற்றிவிடும் இரண்டு ஒலிகளுக்கும் நமக்கு எழுத்து ஒன்றுதான், ஏனென்றால் தமிழில் அந்த வித்தியாசம் பொருளை மாற்றுவதில்லை. சொல்லின் முதலில் வந்தால் ஒரு மாதிரி, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் இன்னொரு மாதிரி என்று வாய் தானாகவே பார்த்துக்கொள்ளும். இதை மொழியியல் பாடமாக நடத்த எனக்கு ஒரு பீரியட் பிடிக்கும், பிள்ளைகளுக்குத் தூக்கம் பிடிக்கும். அன்றைக்கு அந்த மரத்தடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஃபோனோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டிய பிறகு, கத்தினாள்: "ஏய், பம்பரத்துல ரெண்டாவது ப!"

சொல்லிப் பாருங்கள். பம்பரம். முதல் 'ப' வேறு, இரண்டாவது 'ப' வேறு. இரண்டும் அவள் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. பைக்கு வேண்டியது இரண்டாவது 'ப', கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள், அது இன்னொரு சண்டை. தொண்டையில் கைவைத்துப் பார்த்து, இரண்டாவதில் அதிருது என்று வேறொருவன் கண்டுபிடித்தான். இன்றைக்கும் எங்கள் பள்ளியில் யாராவது அந்த ஒலியைத் தவறவிட்டால், பக்கத்தில் இருப்பவர் "ரெண்டாவது ப" என்று முணுமுணுப்பார். அந்தச் செட்டு படித்து முடித்துப் போய்விட்டது. வசனம் மட்டும் தங்கிவிட்டது.

நான் தப்பிக்கவில்லை. "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று ஃபோனை நீட்டினார்கள். மேற்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். ஃபோன் பனியன் என்று எழுதியது. உதட்டைக் குவிக்காமல், தமிழ் 'வ'வையே போட்டுவிட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக என் வகுப்பில் சூரியன் பனியனில்தான் மறைந்துகொண்டிருந்திருக்கிறது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஃபோன் முன்னால் பேசக் கூச்சப்பட்ட இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள்.

ஃபோன் நீதிபதி இல்லை என்பதையும் அவர்களே கண்டார்கள். தனிச் சொல்லைச் சொன்னால் பிடிவாதம் பிடிக்கும் ஃபோன், முழு வாக்கியமாகச் சொன்னால் சரியாக எழுதிவிடுகிறது. முன்பின் சொற்களை வைத்து அது ஊகிக்கிறது. "நம்மள மாதிரிதான் டீச்சர், காதுல சரியா விழலேன்னா குத்துமதிப்பா எழுதுது" என்றான் ஒருவன்.

எல்லாருக்கும் இது நடக்கவில்லை. பெண்பிள்ளைகள் கையில் வீட்டில் ஃபோன் கொடுப்பதில்லை; கொடுத்தாலும் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். நின்றுகொண்டிருக்கும் அம்மாவுக்கு முன்னால் ஏழு தடவை தப்பாகப் பேசிப் பார்க்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? தப்பு செய்ய ஒரு மறைவு வேண்டியிருக்கிறது. அதனால் மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஹைடெக் லேபில் ஒரு மூலையையும் ஒரு ஹெட்ஃபோனையும் கேட்டு வாங்கினேன். அப்போதுகூட "நீங்களே சொல்லிக் குடுத்துருங்க டீச்சர், எதுக்கு இதெல்லாம்" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்லித்தான் கொடுக்கிறேன். பொறுப்பை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டது. போன வருஷம் தெருவிளக்குக் கேட்டு ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒருவன் 14 வரியில், அம்பாசிடர் எழுதுவதுபோல ஒரு கடிதம் கொண்டுவந்தான். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ஆரம்பம். தலைவர் அவனுக்குச் சொந்தப் பெரியப்பா. "பெரியப்பாகிட்ட இப்படித்தான் பேசுவியா?" என்றேன். நெளிந்தான். திட்டவில்லை, பென்சிலைக் கொடுத்து, நீ சொல்லவே மாட்டாய் என்று தோன்றும் வரியை அடித்துக்கொண்டு வா என்றேன். ஒன்பது வரி போயிற்று. மிஞ்சிய ஐந்தில் ஒன்று, கம்பத்து எண்ணைச் சேர்த்து அவனே மாற்றி எழுதியது. அதற்குத்தான் மதிப்பெண் போட்டேன். அடுத்த தடவை இதே வேலையைக் கொடுத்தபோது இரண்டு பேர் மொத்தத்தையும் அடித்துவிட்டு கைடைப் பார்த்து எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. இப்போது வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பும் முன்பே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வசதி. எனக்கு அழித்த தடம் தெரிவதில்லை. வருவது பளிச்சென்ற ஒரே ஒரு பதிவு. அதன் பின்னால் ஏழு இருந்ததா, ஒன்றுமே இல்லையா?

ஆட்டுக்குட்டிப் பையன் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனிடமிருந்து ஒரு நிமிடக் குரல்பதிவு வந்தது. முழுக்க இந்தி. அறையில் கூட இருக்கும் பீகார்ப் பையன்களிடம் கற்றுக்கொள்கிறானாம். எனக்கு அதில் 'நமஸ்தே'யும் 'டீச்சர்'உம் மட்டும் புரிந்தன. சரியா தப்பா என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எத்தனை தடவை அழிச்ச என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

"பதினொண்ணு டீச்சர். அதுல ரெண்டு, ரூம்காரனுங்க சிரிச்சது."