எங்க சபையில ஒரு அக்கா மூப்பர் ஆன கதை

பெண்கள் சபைத் தலைமைக்கு வரணும்னு மனசுல நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா அதை ஒரு தீர்மானமா எழுதி கமிட்டில வச்சு ஓட்டு வரைக்கும் எப்படி கொண்டு போறதுன்னு யாரும் விவரமா சொல்றதில்ல, அதான் எங்க சபையில ஒரு அக்காவை மூப்பரா, அதாவது கமிட்டில உக்காந்து சபையை நடத்தற பெரியவங்கள்ல ஒருத்தரா, கொண்டு வந்த கதையை எழுதறேன். அப்போ நான் கமிட்டி செயலர்.

நாங்க முன்மொழிய நினைச்ச அக்கா ஏற்கெனவே பாதி ஊழியத்தை பாத்துட்டுதான் இருந்தாங்க. ஓய்வுநாள் பள்ளி, ஆஸ்பத்திரி சந்திப்பு, துக்க வீட்டு ஜெபம், ஒரு குடும்பத்துல பிரச்சனைன்னா நடு ராத்திரில கூட முதல் போன் அவங்களுக்குத்தான் போகும். ஆனா கமிட்டி கூடி முடிவெடுக்கும்போது அவங்க வெளிய இருப்பாங்க. அவங்க பாத்துக்கற குடும்பங்களைப் பத்தியே நாங்க ஆம்பளைங்க உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம.

முதல்ல சபைச் சட்ட புத்தகத்தை எடுத்து படிச்சோம். இதை எல்லாரும் கண்டிப்பா பண்ணுங்க. எங்க சட்டத்துல மூப்பர் ஆகறதுக்கு முழு உறுப்பினரா இருக்கணும், அப்பமும் ரசமும் வாங்கற திருவிருந்துல ஒழுங்கா பங்கெடுக்கணும், நல்ல சாட்சி இருக்கணும், அவ்வளவுதான் இருந்துச்சு. ஆம்பளைன்னு எங்கயும் இல்ல. இத்தனை வருஷமா வழக்கம்தான் சட்டம் மாதிரி நடந்துட்டு இருந்திருக்கு. சில சபைகள்ல சட்டத்துலயே தடை இருக்கும், அங்க முதல்ல சட்டத் திருத்தம் கொண்டு வரணும், அதுக்கு பொதுக்கூட்டமும் கூடுதல் ஓட்டும் தேவைப்படும், வேலை வேற மாதிரி.

அப்புறம் நாங்க ஒண்ணு முடிவு பண்ணோம், இதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் ரொம்ப முக்கியம். அக்காவை யாரும் எழுந்து நின்னு தனக்காக வாதாட வைக்கக் கூடாது. அவங்க பேசினா பதவி ஆசைன்னு சொல்லுவாங்க, பேசாம இருந்தா இவங்களுக்கே விருப்பம் இல்ல போலன்னு சொல்லுவாங்க. அதனால முன்மொழியறது, வழிமொழியறது, கேள்விக்கு பதில் சொல்றது எல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம். போதகர் ஐயாகிட்ட முன்னாடியே போய் பேசினோம், அவர் ஓட்டுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து வேதத்தை படிக்கணும்னு சொன்னார், அது சரியான யோசனை.

படிப்பு சுலபமா போகல. பெண் உபதேசம் பண்ணவும் ஆம்பளை மேல அதிகாரம் செலுத்தவும் அனுமதி இல்லன்னு சொல்ற 1 தீமோத்தேயு 2:12-ஐயும், சபையில பெண்கள் பேசாம இருக்கணும்னு சொல்ற 1 கொரிந்தியர் 14:34-ஐயும் முதல் நாளே எடுத்தாங்க, எடுக்கத்தான் செய்வாங்க, அந்த வசனங்களை தாண்டி குதிச்சு போகவும் கூடாது. அதே கொரிந்தியர் நிருபத்துல 11-ம் அதிகாரத்துல பெண்கள் சபையில ஜெபிக்கறதையும் தீர்க்கதரிசனம் சொல்றதையும் பவுல் நடக்கற விஷயமா எடுத்துக்கிட்டுதான் பேசறார், அப்போ 14-ம் அதிகாரம் எல்லா பேச்சையும் மூடிடுதுன்னு எப்படி சொல்றதுன்னு நாங்க கேட்டோம். ரோமர் 16-ல சபை ஊழியக்காரின்னு பவுல் சொல்ற பெபேயாளைப் பத்தி படிச்சோம், அப்பொல்லோங்கற பிரசங்கிக்கு ஆக்கில்லாவோட சேர்ந்து பிரிஸ்கில்லாளும் விளக்கிச் சொன்னதை அப்போஸ்தலர் 18-ல படிச்சோம், யோசியா ராஜா ஆலயத்துல கிடைச்ச புஸ்தகத்தைப் பத்தி விசாரிக்க ஆள் அனுப்பினப்போ அவங்க உல்தாள்ங்கற பெண் தீர்க்கதரிசிகிட்ட போனதை 2 இராஜாக்கள் 22-ல படிச்சோம். உல்தாளைப் பத்தி பல பேர் அன்னைக்குத்தான் முதல் தடவை கவனிச்சாங்க.

இதெல்லாம் இப்ப வந்த புது பழக்கம்னு ஒருத்தர் சொன்னார். அப்போதான் ஆங்கிலிக்கன் திருச்சபையோட முதல் பெண் குரு ஃபிளாரன்ஸ் லி டிம்-ஒய் பத்தி சொன்னேன். ரெண்டாம் உலகப் போர்க்காலத்துல, சீனக் கரையில இருக்கற மக்காவ் ஊர்ல அகதிகளா வந்த ஜனங்களுக்கு திருவிருந்து கொடுக்க குருவானவர் யாரும் போய்ச் சேர முடியாத நிலைமை, அந்த சபையை பாத்துக்கிட்டிருந்த இவங்களை 1944-ல ஹாங்காங் பிஷப் ரொனால்ட் ஹால் குருவா அபிஷேகம் பண்ணார். போர் முடிஞ்சதும் எதிர்ப்பு கிளம்புச்சு, 1946-ல அவங்க குருவா ஊழியம் செய்யற உரிமத்தை விட்டுக் கொடுத்தாங்க, ஆனா குருத்துவத்தை விடல. நம்ம பக்கத்துலயும் தென்னிந்திய திருச்சபைல எக்கோனி புஷ்பா லலிதா 2013-ல நந்தியால் பிஷப் ஆனாங்க. லி டிம்-ஒய் விஷயத்தை கேட்டதும் கூட்டத்துல ரொம்ப நேரம் யாரும் எதிர்த்து பேசல. கஷ்ட காலத்துல ஊழியத்தை வாங்கிக்கிட்டு அப்புறம் பேரை மட்டும் எடுத்துட்டாங்களேன்னு ஒரு அம்மா வாய்விட்டே சொல்லிட்டாங்க.

எதிர்த்தவங்கள்ல ஒரு பெரியவர் உண்மையா வசனத்துக்கு பயந்துதான் எதிர்த்தார், அவரை யாரும் பிற்போக்குன்னு பேசக் கூடாதுன்னு நாங்க எங்களுக்குள்ள கண்டிப்பா சொல்லி வச்சிருந்தோம். பெண்கள்லயும் எதிர்ப்பு இருந்துச்சு, ஆம்பளைங்க முன்னாடி கை தூக்க பயந்தவங்களும் இருந்தாங்க. அதனால ரகசிய வாக்கெடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தோம், அது கிடைச்சதாலதான் தீர்மானம் ஜெயிச்சுதுன்னு நான் இன்னிக்கும் நம்பறேன்.

ஓட்டு முடிஞ்சப்புறம்தான் அக்காவுக்கு கஷ்டமே ஆரம்பிச்சுது. அவங்களைப் பத்தி குறை சொல்லணும்னா நேரா அவங்க வீட்டுக்காரர்கிட்ட போய் சொன்னாங்க. அண்ணன் நல்ல மனுஷன், எங்கிட்ட சொல்லாதீங்க, மூப்பர்கிட்ட சொல்லுங்கன்னு திருப்பி அனுப்பிடுவார், ஆனா அவர் ஒருத்தர் தலைல இதை விடக் கூடாதுன்னு எந்த மூப்பரைப் பத்தின குறையும் எழுதி கமிட்டிக்குத்தான் வரணும்னு பொது விதி போட்டோம். திருவிருந்துல அவங்க பாத்திரம் பிடிச்சா சில பேர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாங்க. போதகர் ஐயா யாரையும் திட்டல, ஒவ்வொரு தடவையும் அவங்களையே அதே இடத்துல நிக்க வச்சார், மெதுவா நகர்றது நின்னுடுச்சு.

சின்ன சின்ன விஷயமும் இருக்கு. கமிட்டி ராத்திரி லேட்டா ஆரம்பிச்சு இழுத்துட்டே போகும், ஆராதனை முடிஞ்ச கையோட வைக்கற மாதிரி மாத்தினோம். கணக்கு நோட்டை அவங்க பாக்க, பேங்க் கையெழுத்துல அவங்க பேரும் சேர தனியா தீர்மானம் போட்டோம், அது இல்லாம பேர் மட்டும் கொடுத்து பிரயோஜனம் இல்ல. பிரசங்கத்தையும் பெண்கள் ஞாயிறுக்கு மட்டும்னு ஒதுக்காம சாதாரண ஞாயிறு அட்டவணைலயே போட்டோம். மத்த மூப்பர்களுக்கு கொடுக்கற பயணப்படி அவங்களுக்கும். அவங்க வேணாம்னாங்க, நாங்க விடல, நாளைக்கு அடுத்து வர்ற பெண்ணுக்கும் வேணாம்னு ஆயிடும் இல்லையா.

எதிர்த்த பெரியவர் இன்னும் மனசு மாறல. ஆனா அக்காவோட சேர்ந்து கணக்கு தணிக்கை பண்றார், அவங்க கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்றார். ஞானஸ்நானம் மூப்பர் அம்மா கொடுக்கலாமான்னு எங்க சபையில இன்னும் முடிவாகல, போன கூட்டத்துல தள்ளி வச்சுட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த தீர்மானத்தை நான்தான் எழுதறேன், வழிமொழிய ரெண்டு பேர் ஏற்கெனவே சம்மதிச்சுட்டாங்க.