வலது காதில் இருந்த சிக்கல்

ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தாளம் பிசகாமல் போகிற, பதினொரு நாளாக இடறிக்கொண்டிருந்த டிஜே மாற்றம் நேற்று இரவு சரியாக உட்கார்ந்தது. டபுள் எக்ஸ்போஷரின் ‘டென் பர்சென்ட்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’வை உள்ளே கொண்டுவர வேண்டும். இரண்டும் இசைத்தட்டு, வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தான் கிடையாது. முப்பத்திரண்டு பார் (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) இரண்டும் சேர்ந்தே ஓடின, ஒரு கிக் (பெரிய டிரம்மின் அடி) கூடப் பிசகவில்லை. தற்செயலாக அமைந்ததோ என்ற சந்தேகத்தில் இன்னும் நான்கு முறை செய்து பார்த்தேன். நான்கு முறையும் நின்றது.

எனக்குப் பிடித்த ரீமிக்ஸ்களையும் (ஒரு பாட்டைப் பிரித்து மறுபடி கட்டியவை) அவற்றின் மூலப் பாடல்களையும் கோத்து ஒன்றரை மணி நேர மிக்ஸ் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இந்த இரண்டு பாடல்களும் அதில் பக்கத்துப் பக்கத்தில்தான் வர வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். ‘டென் பர்சென்ட்’ 1976. சால்சோல் இசைத்தட்டு நிறுவனம் அதை வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜேயின் கையில் கொடுத்தது. அவர் அந்தச் சின்னப் பாட்டை ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீட்டினார். டிஜேக்களுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்த முதல் பன்னிரண்டு அங்குல சிங்கிள் என்று அதைத்தான் சொல்வார்கள். ‘ஐ ஃபீல் லவ்’ 1977. முன்னதில் மனிதக் கை, பின்னதில் மூக் சிந்தசைசர். நடுவில் ஒரே ஒரு வருடம். அந்தத் தாவலைக் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை.

முதல் ஐந்து நாள் போனது காலப்பிரமாணத்தில். ஆள் உட்கார்ந்து வாசித்த டிரம்ஸ் மூச்சு விடுவது போல லேசாக ஏறி இறங்கும். தொடக்கத்தில் பிடித்த வேகம் நடுவில் வரும் டிரம்ஸ் பகுதியில் இருக்காது. ஆகவே பிட்சை (தட்டின் வேகத்தை மாற்றும் கட்டுப்பாடு) ஒரு இடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. எந்த இடத்தில் டிரம்மர் முந்துகிறார், எங்கே பின்வாங்குகிறார் என்று மனப்பாடம் ஆகும்வரை கேட்டேன். அப்புறம் அந்த இடம் வரும்போது தட்டின் ஓரத்தை விரல் நுனியால் உரசி இழுப்பது, அல்லது நடுவில் இருக்கும் லேபிளை லேசாக உந்திவிடுவது. இது பழகிவிட்டது.

ஆனாலும் இடறியது. வேகம் ஒன்றாகத்தான் இருந்தது, கிக் மட்டும் ‘தும்’ என்று விழாமல் ‘த-தும்’ என்று இரட்டையாக விழுந்தது. ஹெட்போனில் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். ஃபேடரை (ஒலி அளவுக் கட்டுப்பாடு) ஏற்றி அறையில் விட்டால் வழுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு. கைப்பிசகு என்றால் முன்னும் பின்னும் மாறி மாறி அல்லவா வர வேண்டும்? ஊசியை மாற்றினேன். தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். மிக்ஸரின் கேபிளைக்கூடக் கழற்றி மாட்டினேன். எதுவும் அசையவில்லை.

காரணம் பாட்டுக்குள்ளேயே இருந்தது. ‘ஐ ஃபீல் லவ்’வின் பேஸ்லைன், அதாவது அடியில் ஓடும் கீழ்ச்சுருதி வரிசை, இரண்டு தடவை ஒலிக்கிறது. மூல ஒலி இடது ஸ்பீக்கரில் வரும். அதே ஒலி கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான தாமதத்தில் வலது ஸ்பீக்கரில் திரும்ப வரும். அந்தப் பாட்டுக்கே உரிய படபடப்பு இந்த இரண்டும் மாறி மாறி அடிப்பதால் வருவதுதான். நான் எப்போதும் ஹெட்போனின் ஒரு குமிழை மட்டும் வலது காதில் வைத்து, இடது காதை அறைக்கு விட்டுவிடுவேன். அதாவது இத்தனை நாளும் தாமதமாக வரும் எதிரொலியை அடிப்படையாக வைத்துத்தான் பொருத்தியிருக்கிறேன். கிக் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் அந்த பேஸ்லைன் காதை நிரப்பிவிடும்போது கை தானாக அதன் பின்னால்தான் போகிறது.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இடது குமிழ் காதுக்கு வந்ததும் முதல் முயற்சியிலேயே பூட்டிக்கொண்டது. பிறகு மிக்ஸரின் ஹெட்போன் பகுதியில் மோனோ சுவிட்ச் இருப்பதைப் பார்த்தேன். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் கலந்து வருகிறது, எந்தக் காதானாலும் கவலை இல்லை. ஆனால் எனக்கு இடது குமிழ்தான் பிடித்திருக்கிறது. அதில் மூல ஒலி மட்டும் தனியாக, உலர்ந்து, சுத்தமாகக் கேட்கிறது. அந்த உலர்ந்த வரிசையைத் தனியாகக் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை வருடமாகக் கேட்கும் பாட்டு! இன்னொன்று: கிக் மட்டும் இயந்திரம் இல்லை. மூக் சிந்தசைசரில் கிடைத்த கிக் ஒலியில் கனம் போதாததால் டிரம்மர் கீத் ஃபோர்சி காலால் வாசித்துச் சேர்த்தார். ஆக இந்தப் பக்கமும் ஒரு மனிதக் கால் இருக்கிறது. இது தெரிந்த பிறகு இரண்டு கிக்கும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதைக் கேட்பதில் இன்னொரு சந்தோஷம்.

இசைத்தட்டு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் முதலில் வாங்கிய மறுபதிப்பில் நடுத்துளை மையம் விட்டு விலகியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஆடும், ஊசி பொருத்திய டோன்ஆர்ம் இடமும் வலமும் ஊசலாடுவது கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்ட தட்டில் பீட்மேட்ச் (இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்றாக்குவது) பழகவே முடியாது. விற்றவர் அது குறையே இல்லை என்று சாதித்தார். கோபம் இன்னும் தீரவில்லை. கடைசியில், கீறல் இருந்தாலும் மையம் சரியாக இருக்கிற ஒரு பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். மேலே சொன்னதெல்லாம் அதில் செய்ததுதான். கீறல் சத்தம் டிரம்ஸுக்குள் மறைந்துவிடும், சுருதி ஆட்டம் எதிலும் மறையாது.

அடுத்தது ‘ஐ ஃபீல் லவ்’வுக்குப் பாட்ரிக் கௌலி செய்த ரீமிக்ஸ். 1978-இல் அவராகவே செய்தது, 1982-இல்தான் முறையாக வெளியானது, பதினைந்தே முக்கால் நிமிடம். நீளம் அதிகம் என்று சிலர் குறைப்படுவதை நான் ஏற்கவே மாட்டேன். பேஸ்லைனை ஓடவிட்டு, அதன் மேல் தன் சிந்தசைசர்களை அவர் அடுக்கிக்கொண்டே போகிற நடுப்பகுதிதான் எனக்கு ரீமிக்ஸ் என்ற கலையின் உச்சம். சம்மரின் குரல் திரும்பி வரும்போது, நீண்ட பயணம் போய் வீடு வந்த மாதிரி இருக்கும்.

மற்றபடி, கூட்டுவதைவிடக் குறைப்பவர்கள் பக்கம்தான் என் மனது சாயும். ஆர்மண்ட் வான் ஹெல்டன் டோரி ஏமோஸின் ‘புரொஃபஷனல் விடோ’வில் ஒன்றிரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சப் பாட்டையெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். அந்த பேஸ்லைன் ஒன்றே போதும். டாட் டெரி செய்தது வேறு. எவ்ரிதிங் பட் த கேர்லின் ‘மிஸ்ஸிங்’ 1994-இல் ‘ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்’ ஆல்பத்தில் வந்த ஒடுங்கிய குரல் பாட்டு. அவர் பாடகி டிரேசி தார்னின் பாட்டைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை, அடியில் தரை மட்டும் போட்டார். அந்தத் துயரம் அப்படியே இருக்க, கால் ஆடுகிறது. சோகப் பாட்டுக்கு ஆட முடியும் என்று எனக்குக் காட்டியது அதுதான்.

முழு ஆல்பமாகவே இதைச் செய்தவர்களில் எனக்கு இருவர். ஹியூமன் லீகின் பாடல்களை மார்ட்டின் ரஷெண்ட் பிரித்துக் கட்டிய ‘லவ் அண்ட் டான்சிங்’, 1982. மாசிவ் அட்டாக்கின் ‘புரொடெக்‌ஷன்’ ஆல்பத்தை மேட் புரொஃபசர் டப் (எதிரொலியும் பேஸும் தூக்கலான ஜமைக்கா பாணி) ஆக்கிய ‘நோ புரொடெக்‌ஷன்’, 1995. இரண்டாவதை மூல ஆல்பத்தைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறேன். இந்த மிக்ஸில் அதற்கு இடமில்லை, வேகம் ஒத்துவராது. அதற்கென்று மெதுவான மிக்ஸ் ஒன்று தனியாகச் செய்ய வேண்டும்.

அதற்கு முன்பே இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. சரண்ஜித் சிங் 1982-இல் டிபி-303 பேஸ் சிந்தசைசர், டிஆர்-808 டிரம் இயந்திரம் வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகம் வாசித்த ஆல்பம் இருக்கிறதே, அதில் ஒன்றை 1987-இல் வந்த ஃப்யூச்சரின் ‘ஆசிட் டிராக்ஸ்’ஸோடு இணைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் அதே 303. பிட்சைச் சுமார் ஆறு சதவீதம் தள்ளினாலே சுருதி அரைப்படி ஏறிவிடும், ராகத்தில் அது எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை.

இப்போதைக்கு முன்னால் இருப்பது கௌலி. மூலப் பாட்டிலிருந்து அவர் ரீமிக்ஸுக்குப் போகும்போது இரண்டு தட்டிலும் அதே பேஸ்லைன், அதே சுருதி. துளி விலகினாலும் ஒலி மெலிந்து, குழாய்க்குள் போன மாதிரி ஆகிவிடுகிறது. நேற்றே மூன்று முறை முயன்றேன். எட்டுப் பார் வரை நிற்கிறது, ஒன்பதாவதில் விலகுகிறது.