வலது மூலை மங்கலும் ஒரு சிறு கண்ணாடியும்

மூன்று வாரங்களாக என்னை அலைக்கழித்த வலது மேல் மூலை நேற்றிரவு ஒருவழியாகத் தெளிந்தது. 35 மி.மீ. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை மேக்ரோ லென்ஸ் (மிக அருகிலிருந்து படமெடுக்கும் லென்ஸ்) பொருத்திய டிஜிட்டல் கேமராவால் படியெடுத்து வருகிறேன். பிரேமின் நடுவிலும் இடப்பக்கத்திலும் கிரெயின் (ஃபிலிமின் நுண்மணிகள்) பொடிப்பொடியாகத் தெரிய, அந்த ஒரு மூலை மட்டும் ஈரத்தாளில் பட்ட மை போலக் கலங்கியே கிடந்தது.

முதலில் ஃபிலிமின் மீதுதான் சந்தேகம் எழுந்தது. அதை 180 டிகிரி திருப்பி வைத்த பிறகும் மங்கல் அதே மூலையிலேயே நின்றது. பிறகு லென்ஸைக் குறை சொன்னேன். ஆனால் அந்த மூலையிலேயே ஃபோகஸ் செய்தபோது அது கூர்மையாகி, எதிர் மூலை மங்கியது. லென்ஸின் மீது வீண்பழி சுமத்தியிருக்கிறேன் என்பதும், குற்றம் கேமராவுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான சாய்வில்தான் என்பதும் அப்போது புரிந்தது. அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) சுருக்கி, ஃபோகஸ் ஆழத்தைக் கூட்டித் தப்பிக்கவும் வழியில்லை. ஃபிலிமின் அளவிலேயே சென்சாரில் பிம்பம் விழும் 1:1 உருப்பெருக்கத்தில், எஃப் 8 என்ற துளை அளவே நடைமுறையில் இன்னும் சிறிய எஃப் 16 ஆகிவிடுகிறது. அதற்கு மேலும் சுருக்கினால், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் கிரெயினைத் தின்றுவிடும்.

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் பிரேமின் அளவுள்ள) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான். அந்த நுணுக்கத்திற்கு எஃப் 8-இல் கிடைக்கும் ஃபோகஸ் ஆழம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 36 மி.மீ. நீளமுள்ள பிரேமில் 1 டிகிரி சாய்வோ இரு முனைகளுக்கிடையே 0.6 மி.மீ. உயர வேறுபாட்டை உண்டாக்குகிறது. நானோ கேமராவின் பின்திரை மீது ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்பதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். கீலில் மடங்கும் அந்தத் திரை சென்சாருக்கு இணையாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பது மூன்று வாரம் என் மூளைக்கு எட்டவே இல்லை.

இறுதியில் கைகொடுத்தது தட்டையான சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான். ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் அதைக் கிடத்தி, லைவ் வியூவில் (கேமராவின் திரையில் நேரடியாக) பார்த்தால், லென்ஸ் தன் பிம்பத்தையே காணும். அந்தப் பிம்பத்தின் மையம் பிரேமின் மையத்தோடு பொருந்தினால், லென்ஸின் அச்சு கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று பொருள். இதில் என்னைத் தடுமாற வைத்தவை இரண்டு. பிம்பம் கண்ணாடிப் பரப்பில் இல்லாமல், ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் இருப்பதால், ஃபோகஸ் வளையத்தைத் தொலைவை நோக்கித் திருப்பாத வரை வெறும் சாம்பல் பனிதான் தெரியும். அடுத்தது, லென்ஸின் முகத்தில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். அறையை இருட்டாக்கிக்கொண்டு நான் தேடியது வீண் வேலை. அப்பர்ச்சரைச் சுருக்கியதும் நடுவில் தோன்றும் கரும்புள்ளியைத் திரையின் கட்டக் கோடுகள் வெட்டும் இடத்திற்குக் கொண்டுவர, கேமராவைக் கீழ்நோக்கித் தாங்கும் காப்பி ஸ்டாண்டின் தலைக்கு அடியில் தாள் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன். மூன்றாவது தாளில் புள்ளி மையத்தில் வந்து அமர்ந்தது.

மூலைகள் நான்கும் சரியான பிறகு, பிரேமின் நடுப்பகுதி சற்றே மென்மையாகத் தெரிகிறது. இது ஃபிலிமின் வளைவு. கண்ணாடித் தகட்டால் அழுத்திப் பார்த்ததில், ஃபிலிமின் வழவழப்பான பின்புறம் கண்ணாடியைத் தொட்ட இடத்தில் நியூட்டன் வளையங்கள் (ஒளி குறுக்கிட்டு உண்டாகும் வளைய வரிகள்) மலர்ந்தன. பரப்பு லேசாகச் சொரசொரப்பாக்கப்பட்ட கண்ணாடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை நெகட்டிவ் துண்டுகள் கனத்த புத்தகங்களுக்கு அடியில் உறங்குகின்றன. ஃபிலிமின் ஓரத்திலுள்ள ஸ்ப்ராக்கெட் துளைகளின் வழியே அடியிலுள்ள எல்இடி பலகையின் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் பாய்ந்து நெகட்டிவின் கரும்பகுதிகளை வெளிறச் செய்ததால், அவற்றைக் கறுப்பு அட்டையால் மறைத்ததும் நல்ல பலன் தந்தது. சென்சார் வரிவரியாகப் பதிவுசெய்யும் எலக்ட்ரானிக் ஷட்டரில் இதே பலகை கிடைக்கோடுகளைப் போடுகிறது. ஆகவே மெக்கானிக்கல் ஷட்டரும் 2 விநாடி டைமரும்தான்.

அடுத்து ஆரஞ்சுச் சாயமேறிய கலர் நெகட்டிவ்களைத் தொடலாம் என்று கை துறுதுறுக்கிறது. ஆனால் முதல் ரோலின் 36 பிரேம்களில் 12 மட்டுமே முடிந்திருக்கின்றன. ஸ்டாண்டின் திருகு ஒன்று தளர்ந்திருப்பதால், ஆறு பிரேம்கள் கொண்ட ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியை மீண்டும் வைத்து, கரும்புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த துண்டை எடுக்கிறேன்.