முதலில் ஒரு சிறு படகு

எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய முதல் மாதிரி மரக்கப்பல் கிட் (துண்டுகளைப் பொருத்தி மாதிரிக் கப்பல் செய்யும் தொகுப்பு), மூன்று பாய்மரங்களும் இரண்டு அடுக்குப் பீரங்கிகளும் கொண்ட ஒரு போர்க்கப்பலுடையது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படம் ஒன்றைத் தவிர வேறு எதையும் பார்த்து அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பாதி பலகை அடித்த நிலையில், அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, அது இன்றும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அண்மையில் இந்தக் கைவேலையில் இறங்க விரும்பும் இரு நண்பர்கள் எந்தக் கிட்டை வாங்கலாம் என்று கேட்டபோது, அவர்களுக்கு எழுதத் தொடங்கிய கடிதமே இந்தப் பதிவாக வளர்ந்துவிட்டது.

புதியவர்கள் பெரும்பாலும் பாய்மரங்களையும் கயிறுகளையும் கண்டு அஞ்சுகிறார்கள். ஆனால் கிட்டுகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் உடற்பலகை அடிக்கும் கட்டத்தில்தான் என்பது என் அனுபவம். இன்று கிடைக்கும் கிட்டுகளில் மிகுதியானவை ஒரே முறையில் அமைந்தவை: நம் கடற்கரை ஊர்களில் ஏரா என்று சொல்லும் அடிமரத்தின் இடத்தில் ஒரு நீண்ட பிளைவுட் துண்டு இருக்கும், உண்மையான கப்பலில் வங்குகள் (விலா எலும்புபோன்ற சட்டங்கள்) நிற்கும் இடத்தில் குறுக்குத் தட்டிகள் செருகப்பட்டிருக்கும், அவற்றின்மேல் மெல்லிய மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டி உடலை மூட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில் ஒரு பக்கத்தின் வளைவு மேலிருந்து கீழாக 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 மி.மீ. அகலப் பட்டைகள் இருபது தேவைப்படும். அதே வளைவு அணியத்தை நெருங்கும்போது 60 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும், ஆனால் பட்டைகள் அங்கும் இருபதுதான். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் முனையை நோக்கி 3 மி.மீ. அகலமாகக் குறுக்கிச் சீவியாக வேண்டும். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வாங்கிய கிட்டின் நான்கு பக்கக் கையேடும் சொல்லவில்லை. பட்டைகளை முழு அகலத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு போனேன். என் போர்க்கப்பலின் அணியம் அப்படித்தான் கெட்டது.

எனவே ஒரு கிட்டை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது உடலின் வடிவமும் அதை மூடும் முறையும். உருண்டு திரண்ட அணியம் கொண்ட கப்பல்களைவிடக் கூரிய அணியம் கொண்டவை பட்டைகளை எளிதாக ஏற்கும். ஐரோப்பியக் கிட்டுகள் பலவற்றில் இரண்டு அடுக்குப் பலகை உண்டு. முதல் அடுக்கில் நேரும் மேடுபள்ளங்களைப் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்த பிறகு, வால்நட் போன்ற மரத்தின் மெல்லிய இழைகளை அதன்மேல் ஒட்டுவார்கள். முதல் தவறை மன்னிக்கும் முறை அது. ஓரடுக்குக் கிட்டில் அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது, ஒரே வேலையை எத்தனை முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்ற கேள்வி. பலரும் கனவு காணும் இங்கிலாந்தின் விக்டரி போர்க்கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1765இல் சாத்தமில் நீரில் இறக்கப்பட்டு, 1805இல் டிரஃபால்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சனின் தலைமைக் கப்பலாக நின்று, இன்று போர்ட்ஸ்மத்தில் காக்கப்படும் அந்தக் கப்பல் 104 பீரங்கிகளுக்குரியது. 1:72 அளவில், அதாவது உண்மையான நீளத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்தாலும் மாதிரியின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். பீரங்கி வண்டிகள், அவற்றின் கயிறுகள், துளைகளின் கதவுகள், நூற்றுக்கணக்கான கப்பிகள் என்று எல்லாவற்றையும் ஒரே சீராகச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தக் கப்பலின்மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. அதனாலேயே அதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்கிறேன்.

நான் மனமாரப் பரிந்துரைப்பது, அமெரிக்க நிறுவனமான மாடல் ஷிப்வேஸ் தரும் லோவெல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி என்ற 1:24 அளவுள்ள படகு. தேர்ந்த மாதிரிக் கப்பல் கலைஞரான டேவிட் ஆன்ட்ஷெர்ல் புதியவர்களுக்கென்றே வடிவமைத்த மூன்று கிட்டுகளில் இது எளிமையானது. 1:12 அளவுள்ள நார்வேப் பாய்ப்படகும், மஸ்கோங்கஸ் விரிகுடாவின் ஒற்றைப் பாய்மரச் சிங்கி இறால் படகும் மற்ற இரண்டு. டோரி என்பது தட்டையான அடியும், வெளிப்புறமாகச் சாய்ந்த பக்கங்களும், கல்லறைக்கல் போன்ற குறுகிய பின்புறமும் கொண்ட மீன்பிடிப் படகு. அமெரிக்காவின் குளோஸ்டர் போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட பாய்க்கப்பல்கள், இருக்கைப் பலகைகளைக் கழற்றிவிட்டு இந்தப் படகுகளைக் கிண்ணங்களைப்போல் ஒன்றுக்குள் ஒன்றாகத் தளத்தில் அடுக்கிக்கொண்டு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கடலடி மீன்வளத் திட்டுகளுக்குச் செல்லும். அங்கே ஓரிரு மீனவர்களோடு ஒவ்வொரு படகும் கடலில் இறக்கப்படும். (வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், பெயர் மாற்றம் பெற்று 1938இல் சென்றடைந்ததும் இதே குளோஸ்டரைத்தான் என்பது டோரியைச் செய்துகொண்டிருந்த மாலைகளில் அடிக்கடி என் நினைவுக்கு வந்தது.)

இந்தப் படகில் தளம் கிடையாது. ஆகையால் எதையும் மறைக்க முடியாது. வங்குகளும் பலகைகளின் உட்புறமும் வெளியே தெரியும். பலகைகள் சிலவே என்பதால் ஒவ்வொன்றையும் நனைத்து வளைத்து, துணி கிளிப்புகளால் பிடித்துவைத்து, பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீவ நேரம் கிடைக்கிறது. ஒரு பலகை கெட்டுப்போனால் மனம் உடைவதில்லை. இன்னொரு துண்டு மரத்தில் வரைந்து வெட்டிக்கொள்ளலாம். ஆறு வாரங்களில் முடித்தேன். முடிந்த படகைக் கையில் ஏந்திப் பார்த்த இரவில்தான், அலமாரியின் மேல் கிடந்த கப்பலில் எங்கே தவறினேன் என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

வாங்குமுன் கையேட்டைப் படித்துவிடுங்கள். மாடல் ஷிப்வேஸ் தன் கையேடுகளை இலவசமாகவே படிக்கத் தருகிறது. ஸ்பெயினின் ஆக்ரே நிறுவனம் தன் கப்பல்களுக்குக் காணொளி விளக்கங்கள் வெளியிடுகிறது. கையேட்டைப் படிக்கும்போதே அடுத்த படி கண்முன் தெரியவில்லை என்றால், அந்தக் கிட் உங்களுக்கு இப்போது வேண்டாம். புகழ்பெற்ற கப்பல்களின் வரைபடங்களை உரிமையின்றி நகலெடுத்து மிக மலிவாக விற்கும் கிட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். அசல் வரைபடத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கு அதில் எதுவும் போய்ச் சேர்வதில்லை. கருவிகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், பல தர உப்புத்தாள்கள், கிளிப்புகள், வெள்ளை மரப்பசை ஆகியவை போதும்.

டோரிக்குப் பிறகு நான் எடுத்தது 1:64 அளவுள்ள புளூநோஸ். 1921இல் கனடாவின் லூனென்பர்க்கில் கட்டப்பட்டு, மீன்பிடித்தும் பந்தயங்களில் வென்றும் பெயர்பெற்ற அந்தப் பாய்க்கப்பலில் இரண்டே பாய்மரங்கள், கூரிய அணியம், பீரங்கிகள் இல்லை. இம்முறை ஒவ்வொரு தட்டியிலும் பட்டையின் அகலத்தைக் கணக்கிட்டுப் பென்சிலால் குறித்த பிறகே கத்தியைத் தொட்டேன். உடல் மூடி முடிந்துவிட்டது. தளத்தின் இரு பக்கங்களிலும் அடுக்கி வைப்பதற்காக, விரல் நீளமுள்ள டோரிகளை இப்போது ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறேன்.