காங்கிரீட் ரூமும் பேஸ் ட்ராப்பும்

மொரிஷியஸ்ல ஹோம் ஸ்டூடியோ ரூம்களை சரி பண்ணிக் குடுக்குறதுதான் நம்ம பொழப்பு. 1960ல அலிக்ஸ், கரோல்னு அடுத்தடுத்து ரெண்டு புயல் அடிச்சு மரவீடு தகரவீடெல்லாம் போனதுக்கப்புறம் இங்க ஊரே மெல்ல காங்கிரீட்டுக்கு மாறிடுச்சு, புயலுக்கு நல்லது, ரெக்கார்டிங்குக்கு வில்லன். மரச்செவுரு பேஸுக்கு, அதாவது டும்முனு வர்ற தாழ்ந்த சத்தத்துக்கு, கொஞ்சம் ஆடும், கொஞ்சத்தை வெளியவும் விட்டுடும். காங்கிரீட் அசையாது, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பிடும்.

ரோஸ்ஹில்ல ஒரு தம்பி, காவடிப் பாட்டும் மிக்ஸ் பண்ணுவாப்ல, சேகாவும் (இந்த ஊர்ப் பாட்டு) பண்ணுவாப்ல. ரூம் நீளம் 3.4 மீட்டர், அப்போ 50 ஹெர்ட்ஸ்ல ரூமே சேர்ந்து முழங்கும், ஆனா நட்டநடுவுல அந்த 50 காணவே காணோம், அங்கதான் சேர் போட்டிருந்தாப்ல. ரவான் (சேகாவுக்கு அடிக்கிற தோல் மேளம்) அடி கேக்கலைன்னு பேஸை ஏத்தி ஏத்தி, கடைசியில கார்ல போட்டா கண்ணாடி அதிருது. செவுரு பூரா முட்டை அட்டை வேற (இந்த யோசனைய யார் கிளப்பிவிட்டாங்களோ, பேஸை அது ஒண்ணுமே பண்ணாது).

"அண்ணா, லேன் த ரோஷ் வாங்கி செவுத்துல ஒட்டிட்டா போதாதா?"ன்னாப்ல (ராக்வூலுக்கு இங்க ஃப்ரெஞ்சுப் பேரு). எல்லாரும் கேக்குறதுதான். ராக்வூல், கிளாஸ்வூல் எல்லாம் தலைமுடியைவிட ரொம்ப மெல்லிசான நாருங்க, நடுவுல பூரா காத்து, சத்தம் வரும்போது அந்தக் காத்து முன்னப்பின்ன ஆடி நாருங்கமேல உரசுது, உரசுற உரசல்ல சத்தம் துளியூண்டு சூடா மாறிப் போயிடுது, அவ்வளவுதான் சங்கதி. ஆனா காத்து ஆடுனாத்தானே உரசும்? செவுத்தை ஒட்டின காத்து ஆட முடியாது, அங்க அழுத்தம்தான் உச்சம். ஆட்டம் உச்சத்துக்குப் போறது கால் அலைநீளம் தள்ளி, 100 ஹெர்ட்ஸுக்கு 86 சென்டிமீட்டர், 50க்கு 1.7 மீட்டர். அதான் 5 சென்டிமீட்டர் ஃபோம் ஒட்டுற ரூம்ல கீச்சுச் சத்தம் மட்டும் செத்து, பேஸ் ராஜாவாட்டம் உக்காந்திருக்கும்.

அதனால மூலை. ரூமோட முழக்கம் எல்லாமே மூலையில வந்துதான் முட்டுது, ஆழமும் சும்மா கிடைக்குது. 60 சென்டிமீட்டர் பக்கம் வர்ற மாதிரி ராக்வூலை முக்கோணமா வெட்டி தரையில இருந்து சீலிங் வரைக்கும் அடுக்கினோம், நடுவுல 42 சென்டிமீட்டர் ஆழம், இதுதான் பேஸை உறிஞ்சுற பேஸ் ட்ராப். கெட்டியான பலகைதான் நல்லா உறிஞ்சும்னு கடைக்காரர் சொல்வார், நம்பாதீங்க, இவ்ளோ ஆழம்னா லேசான நார்தான் சரி, ரொம்ப கெட்டின்னா சத்தம் உள்ள போகாம முகப்புலயே திரும்பிடும். பேனல்தான் வைக்க முடியும்னா பின்னாடி 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க, காசில்லாம ஆழம். மேல போர்த்த கோணிச்சாக்கே போதும், வாய வெச்சு ஊதினா காத்து அந்தப்பக்கம் போகணும். கியூர்பீப் மாதிரி ஈர ஊர்ல பஞ்சு, பழைய துணியெல்லாம் அடைச்சா பூஞ்சை புடிச்சிடும், கல்நார் இல்லாத இந்த ராக்வூல் மக்காது, வெட்டும்போது மட்டும் மாஸ்க்கும் கையுறையும் வேணும்.

100க்கு மேல நல்லாவே அடங்குச்சு. 50ல முழக்கம் சீக்கிரம் ஓயுது, முழுசா போகல, அதுக்கு மெம்ப்ரேன் பெட்டி (சத்தத்துக்கு ஆடுற மெல்லிசு முகப்பு வெச்ச மூடுன பெட்டி) செஞ்சு அந்த ஒரு ஃப்ரீக்வென்சிக்குன்னு ட்யூன் பண்ணணும், தம்பி பட்ஜெட் தாங்காது. சேரை நடுவுல இருந்து முன்னாடி தள்ளிப் போடச் சொல்லிட்டு வந்தேன்.