முடி இருக்கும் ஓரத்தில்தான் எடுக்க வேண்டும்: என் தலைத்தோல் பயாப்ஸி

அக்காதான் முதலில் பார்த்தாள். எனக்குப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்தி, "உச்சியில இந்த இடம் மினுமினுன்னு இருக்குடி, ஒரு முடி கூட இல்ல" என்றாள். எண்ணெய் பட்டிருக்கும் என்றேன். துடைத்துப் பார்த்தாள், எண்ணெய் இல்லை. கட்டைவிரல் நகத்தளவு இடம், வழவழவென்று இருந்தது.

அந்த இடத்தைச் சுற்றிச் சில மாதங்களாகவே எரிச்சல் இருந்தது. பொடுகு என்று நினைத்து ஷாம்பூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். முடியை இழுத்துக் கட்டினால் வேரில் வலிக்கும். டாக்டரிடம் போனபோது இந்த எரிச்சலையும் வலியையும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முடி கொட்டுகிறது என்று மட்டும் சொன்னேன். புழுவெட்டு என்றார். தடவ ஒரு லோஷன் கொடுத்தார். நான்கு மாதம் விடாமல் தடவினேன். இடம் சின்னதாகவில்லை, இரண்டு விரல் அகலத்துக்குப் போயிருந்தது.

அப்புறம் பயாப்ஸி, அதாவது தோலில் சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புவது, எடுக்கலாம் என்றார்கள். முடியே இல்லாத நடு இடத்தில் ஒரு துண்டு எடுத்தார்கள். அனுப்பும் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'முடி உதிர்வு' என்று இரண்டே வார்த்தைகள். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நார்த் திசு இருக்கிறது, மயிர்க்கால்கள் இல்லை, தழும்பின் கடைசிக் கட்டம், காரணம் சொல்ல இயலாது. அவ்வளவுதான். தலையில் ஓட்டை போட்டு, தையல் போட்டு, கண்ணால் பார்த்தே தெரிந்த ஒன்றைத்தான் அந்தக் காகிதம் திருப்பிச் சொன்னது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். இனி யாரையும் தலையில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா விடவில்லை. முடிப் பிரச்சினைகளை மட்டுமே அதிகம் பார்க்கிற இன்னொரு தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் முதலில் கேட்ட கேள்வியே, "எரியுதா? அரிக்குதா? தொட்டா வலிக்குதா?" என்பதுதான். எங்கே என்று விரலால் காட்டச் சொன்னார். வழுக்கையின் நடுவில் ஒன்றும் இல்லை. எரிச்சல் எல்லாம் ஓரத்தில், முடி இன்னும் நிற்கிற இடத்தில். அங்கே டெர்மாஸ்கோப்பை, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை, வைத்துத் திரையில் காட்டினார். என் தலையை அவ்வளவு பெரிதாக்கி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முடியின் அடியிலும் வெள்ளைச் செதில் குழாய் மாதிரி சுற்றிக்கொண்டு, அதைச் சுற்றி லேசான சிவப்பு வளையம். கருவியை நடு இடத்துக்கு நகர்த்தினார். முடி முளைக்கிற சின்னத் துளைகள் கூட இல்லாமல் வெறும் வெளிர்த் தோல். "புழுவெட்டுன்னா முடி போயிருக்கும், துளை இருக்கும். இங்க துளையே மூடிப்போச்சு. இது தழும்பாகிற வகை" என்றார்.

அவர் அடுத்து சொன்னதை இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நோய் முடிந்துபோன இடத்தில் துண்டு எடுத்தால் வெறும் தழும்புதான் கிடைக்கும். எந்த நோய் அந்தத் தழும்பைப் போட்டது என்பதற்கான தடயம், நோய் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிற ஓரத்தில், சிவப்பும் செதிலும் சுற்றி நிற்கிற முடிகளில்தான் இருக்கும். முடி இருக்கும் இடத்தில் ஓட்டை போடுவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த நாலைந்து முடியைக் கொடுத்தால்தான் மற்ற முடிகளைக் காப்பாற்ற வழி தெரியும்.

இரண்டு துண்டு வேண்டும் என்றபோது ஏன் என்று கேட்டேன். ஒன்றை நெடுக்காக அறுப்பார்கள், மற்றதைக் குறுக்காக. நெடுக்காக அறுத்தால் தோலின் மேலிருந்து கீழ்வரை அடுக்குகள் தெரியும், ஆனால் கத்தி போகிற பாதையில் இருக்கும் சில மயிர்க்கால்கள் மட்டுமே சிக்கும். மரத்தைக் குறுக்கே அறுத்து வளையம் பார்ப்பதுபோல அறுத்தால், துண்டுக்குள் இருக்கும் அத்தனை மயிர்க்கால்களையும் ஒரே பார்வையில் எண்ணலாம். தலைத்தோலை இப்படிக் குறுக்காக அறுத்துப் படிக்கும் முறைக்கு அடித்தளம் போட்டது ஹெடிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1984-இல் எழுதிய கட்டுரை. லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் ஒரு நோய்) சந்தேகம் இருந்தால் இன்னொரு துண்டு எடுத்து, அதை வழக்கமாகத் துண்டைக் கெடாமல் வைக்கும் பார்மலினில் போடாமல் வேறு திரவத்தில் போட்டு, தோலில் எதிர்ப்புரதங்கள் படிந்திருக்கின்றனவா என்று ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, காயம் பட்டால் தழும்பு தடித்துப் புடைக்குமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக எப்போது ஸ்டீராய்டு மருந்து தடவினேன் என்றும் கேட்டார். அது அழற்சியை அமுக்கிவிட்டால் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

அன்றைக்குக் குப்புறப் படுக்க வைத்து, டெர்மாஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இரண்டு இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டார். அந்த இடத்து முடியை மட்டும் கொஞ்சம் ஒட்ட நறுக்கினார், மொட்டையடிக்க வேண்டியதில்லை. ஊசிதான் வலித்தது. ஒரு பத்து நொடி தீக்குச்சி வைத்த மாதிரி எரிந்து, அப்புறம் மரத்துவிட்டது. ஆனால் உடனே தொடங்கவில்லை, பத்து நிமிடம் போல என்னோடு பேசிக்கொண்டிருந்தார். தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம். மரத்துப்போக வைக்கும் லிடோகெயினோடு சேர்த்துப் போடும் அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்க அந்த நேரம் வேண்டும். முதல் தடவை யாரும் இப்படிக் காத்திருக்கவில்லை. அன்று கழுத்துவரை ரத்தம் வழிந்தது.

பஞ்ச் என்பது பேனா மாதிரி ஒரு கருவி, நுனியில் 4 மி.மீ. அகலத்தில் வட்டக் கத்தி. முடி சாய்ந்திருக்கிற கோணத்திலேயே அதையும் சாய்த்துத் திருகுவார்கள். நேராக இறக்கினால் மயிர்க்கால்கள் பாதியில் வெட்டுப்பட்டுப் போகும். வளர்கிற முடியின் வேர்க் குமிழ் கொழுப்பு அடுக்கில் இருப்பதால் அதுவரை ஆழமாகப் போக வேண்டும். வலி இல்லை, ஆனால் அழுத்தம் தெரியும், காதுக்குள் 'நறநற' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் தடவை அவ்வளவு பயந்திருக்க மாட்டேன், அதனால் சொல்லி வைக்கிறேன்.

எழுந்து உட்கார்ந்ததும் குப்பியைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பென்சில் நுனியில் இருக்கும் ரப்பர் போலச் சின்ன உருளை. மேலே நறுக்கிய முடிகளின் கறுப்புப் புள்ளிகள், அடியில் மஞ்சள் கொழுப்பு. தையல் நூல் நீல நிறம். கறுப்பு முடிக்குள் தேடி எடுக்க வசதி என்றார் நர்ஸ்.

படிவத்தில் இந்தத் தடவை அரைப்பக்கம் எழுதியிருந்தார்: எத்தனை மாதம், எங்கே, என்ன தொந்தரவு, டெர்மாஸ்கோப்பில் என்ன தெரிந்தது, எந்தெந்த நோய் என்று சந்தேகம், முந்தைய ரிப்போர்ட் என்ன சொன்னது. கூடவே இரண்டு படங்கள். துண்டைப் பார்க்கிற பேத்தாலஜிஸ்ட் என் தலையைப் பார்க்கப் போவதில்லை. சில நோய்கள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். முன்நெற்றியில் முடிக்கோடு மெல்லப் பின்வாங்கி, பலருக்குப் புருவமும் கொட்டுகிற ஒரு வகையை ஆஸ்திரேலியாவின் கொசார்ட் 1994-இல் விவரித்தார். அதன் துண்டும் எனக்கு வந்த நோயின் துண்டும் பார்க்க ஒன்றுதான். எங்கே இருந்து எடுத்தது என்று எழுதினால்தான் பிரிக்க முடியும்.

வீட்டில் பெரிய தொந்தரவு இல்லை. இரவு தலையணையில் ஒரு சொட்டு ரத்தம், பாரசிட்டமால் இரண்டு வேளை, மூன்றாம் நாள் தலைக்குக் குளியல், 10-வது நாள் தையல் பிரிப்பு.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் ஒரு தாளில் மயிர்க்காலை வரைந்து விளக்கினார். என் நோயின் பெயர் லைக்கன் பிளானோபைலாரிஸ். நம் உடம்பின் வெள்ளணுக்களே, லிம்போசைட்டுகள், மயிர்க்காலின் மேல்பாதியைச் சூழ்ந்து தாக்கியிருந்தன. சுற்றிலும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக நார் படிந்திருந்தது. எண்ணெய்ச் சுரப்பிகள் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. புழுவெட்டிலும் இதே லிம்போசைட்டுகள்தான், ஆனால் அங்கே அடியில் இருக்கும் வேர்க் குமிழைச் சுற்றி மொய்க்கும். முடியை மறுபடி உண்டாக்கும் மூல செல்கள் மேலே, எண்ணெய்ச் சுரப்பிக்கு அருகில் ஒரு புடைப்பில் இருக்கின்றன. புழுவெட்டில் அவை தப்பித்துக்கொள்ளும், அதனால் முடி திரும்ப வர வாய்ப்பு உண்டு. எனக்குத் தாக்குதல் நடந்ததே அந்த இடத்தில். ஒரு சில மி.மீ. உயர வித்தியாசம், அதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. நான்கு மாத லோஷனில் ஏன் ஒரு முடி கூட வரவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

போன இடத்தில் முடி வராது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பரவாமல் நிறுத்துவதுதான் சிகிச்சை. ஓரத்தில் தடவ குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு மருந்து, சில வாரங்களுக்கு ஒரு முறை அங்கேயே ட்ரையம்சினலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஊசி, தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்கும்போதே கண் பரிசோதனை செய்துகொண்டேன், இனியும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஒன்பது மாதம் ஆகிறது. மூன்றாவது மாதத்தில் எரிச்சல் நின்றது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அதே கோணத்தில் படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறார். கடைசி மூன்று படங்களில் ஓரம் நகரவில்லை. பயாப்ஸி எடுத்த இரண்டு இடத்திலும் மிளகளவு புள்ளி இருக்கிறது, முடியைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அக்கா பின்னும்போது வகிட்டை இப்போது இடதுபக்கமாக எடுக்கிறாள். எடுப்பதற்கு முன் ஓரத்தில் விரல் வைத்து, "இங்க எரியுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீப்பை வைக்கிறாள்.