அப்பாவின்ர றேடியோவும் என்ர பவர் சப்ளையும்

"என்னடா இது, றேடியோ முழுக்க ஊஊ எண்டு இரையுது" எண்டு அப்பா ஹோலில இருந்து கத்தேக்கதான் நான் கட்டின பவர் சப்ளை உண்மையா சுவிட்ச் பண்ணுது, கறண்டை வேகமா ஒன்-ஓஃப் பண்ணுது எண்டு எனக்கு விளங்கினது.

கதை இதுதான், ஆடுயினோ எண்ட சின்ன கொன்ட்ரோல் போட்டுக்கும் சின்ன மோட்டருகளுக்கும் எனக்கு நல்ல 5 வோல்ட் ஒண்டு வேணும். 230 வோல்ட்டில நேர தொடங்கிற யோசினையை முதல் நாளே விட்டிட்டன், ஏனெண்டா அதை ரெக்டிஃபை பண்ணினா, அதாவது ஏசியை டிசியா மாத்தினா, கறண்டைச் சேத்து வைக்கிற கப்பாசிற்றரில கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசி நிக்கும், பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும், வெள்ளவத்தை ஃப்ளாட்டில அம்மாவுக்குப் பக்கத்தில வச்சு விளையாடுற விளையாட்டில்லை அது. வீட்டில சும்மா கிடந்த 19 வோல்ட் லப்டொப் சார்ஜரை எடுத்தன். ஆபத்தான பக்கத்தை அது பாத்துக்கொள்ளும்.

7805 எண்ட சாதாரண 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசியைப் போட்டா சிம்பிள்தான், ஆனா 1 அம்பியர் எடுத்தா மிச்ச 14 வோல்ட்டால 14 வாட் சும்மா சூடாப் போகும். அதால எல்எம்2596 எண்ட சுவிட்ச்சிங் ஐசி. அது செக்கனுக்கு ஒண்டரை லட்சம் தரம் ஒன்-ஓஃப் பண்ணும், 19 இல இருந்து 5க்கு எண்டா கால்வாசி நேரம்தான் ஒன், மிச்ச நேரம் கோயில்ல, அதாவது கம்பிச் சுருளில, சேத்து வச்ச கறண்ட், ஒரு பக்கம் மட்டும் கறண்ட் விடுற டயோட்டால சுத்தி வரும். 3 அம்பியருக்கு 30 வீதம் ரிப்பிள், அதாவது கறண்ட் ஏறி இறங்கிற அளவு, எண்டு கணக்குப் போட கோயிலுக்கு 27 மைக்ரோஹென்றி வந்தது, 100 பஸ்ஸில புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில 33 வாங்கினன். வெளிய வாற வோல்ட்டைப் பாக்கிற ஐசியின்ர ஃபீட்பக் பின் 1.23 வோல்ட்டைத் தேடும், 1கே, 3கே ரெசிஸ்டர் ரெண்டால பிரிச்சுக் குடுத்தா வெளிய 4.92 வரும், எனக்கு அது காணும்.

டயோட்டிலதான் பிழை விட்டன். கைவசம் இருந்த 1என்4007ஐப் போட்டன். அது 50 ஹேர்ட்ஸுக்குச் செய்த சாமான், இந்த வேகத்தில ஓஃப் ஆகிறதுக்கு முதலே அடுத்த சுவிட்ச் வந்திடும், ஒவ்வொரு தரமும் கொஞ்ச நேரம் பின்பக்கமாக் கறண்ட் பாயும். ரெண்டு நிமிசத்தில விரல் வைக்க ஏலாத சூடு. 1என்5822 எண்ட வேகமான ஷொட்கி டயோட் போட்டாப் பிறகு சும்மா இளஞ்சூடுதான்.

சரி, றேடியோ. பின்னேரத்தில அப்பா மீடியம் வேவில தூத்துக்குடி வானொலி கேக்கிறவர், 1053 கிலோஹேர்ட்ஸ். சுவிட்ச் பண்ணுற சாமான் தன்ர வேகத்தின்ர மடங்குகளிலயும் இரையும், என்ர 150 கிலோஹேர்ட்ஸை 7ஆல பெருக்கிப் பாருங்கோ, 1050, பக்கத்திலயே! சிரிப்பும் வந்தது பயமும் வந்தது.

குற்றம் ஐசியில இல்லை, நான் சோல்டர் இல்லாமச் செருகிற பிரெட்போட்டில கட்டினதிலதான். இன்புட் கப்பாசிற்றர், சுவிட்ச், டயோட் இந்த மூண்டும் சேந்த வளையத்திலதான் கறண்ட் வெட்டி வெட்டிப் பாயுது, அந்த வளையம் எவ்வளவு பெரிசோ அவ்வளவுக்கு நல்ல ஏரியல். என்ரதோ உள்ளங்கை அளவு. ஐசி கொம்பனியின்ர டேட்டாஷீட்டில தடிச்ச கோட்டில கீறிக் காட்டியிருக்கிறாங்கள், நான் அதைச் சும்மா வடிவுக்கு எண்டு நினைச்சுப் பக்கத்தைத் தட்டினனான். பிறகு ஒரு துண்டு செப்பு போட்டில எல்லாத்தையும் நெருக்கி சோல்டர் பண்ணி, இன்புட் கப்பாசிற்றரை ஐசியின்ர காலோட ஒட்ட வச்சு, அதோட ஒரு செரமிக் கப்பாசிற்றரும் போட்டு, தடிமாதிரி இருந்த கோயிலை மாத்தி வளையக் கோயில் போட்டன், தடிக்கோயில்ல காந்தப்புலம் ரெண்டு முனையாலயும் வெளிய கொட்டும்.

இரைச்சல் நல்லாக் குறைஞ்சிட்டுது. ஆனா முழுசா நிக்கேல்ல. அப்பா றேடியோவைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போயிட்டார்.